ஜீன்ஸ் பந்த்

மஸ்கட்டில் இருபத்தாறு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அடுத்தவர் ரத்தம். ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு சொட்டு ரத்தத்தில் எது வெள்ளணு, எது சிவப்பணு, எது இன்னும் விளையாத பிஞ்சு அணு என்று எண்ணிச் சொல்வது என் வேலை. யாருடைய ரத்தம் என்று மட்டும் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது என்று முதல் வருஷமே புத்தி வந்துவிட்டது.

அப்படிப்பட்டவனுக்குப் போன சித்திரையில் போனில் ஒரு ரிப்போர்ட் வந்தது. அனுப்பியவள் மும்பையிலிருந்து என் அண்ணன் மகள் கவிதா. பழக்கதோஷம், எண்களைத்தான் முதலில் பார்த்தேன். பிஞ்சு அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. லுக்கேமியா. 'அய்யோ பாவம், யாரோ' என்று நினைத்தபடியே விரலை மேலே நகர்த்தினேன். செண்பகம் சுடலைமுத்து, வயது ஐம்பத்தொன்பது. என் மதினி.

கீழே கவிதா இங்கிலீஷ் எழுத்தில் தமிழும் இந்தியும் கலந்து எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. 'சித்தப்பா, அம்மா ரெண்டு ரவுண்டு ஊசி போட்டாச்சு. மூணாவதுக்குப் போகல. பப்பா சுன்தே நஹி, சொன்னா கேக்கவே மாட்டேங்கறாரு. நீங்க வாங்க.'

மதினி என்றால் வெறுமனே அண்ணன் மனைவி இல்லை எனக்கு. பதினாறு வயதில், தகரப் பெட்டியோடு தாராவியில் வந்து இறங்கியவனுக்குப் பாயும் தட்டும் கொடுத்தவர். அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் கீழே நாலு தையல் மெஷின், ஏணி வைத்து ஏறினால் மேலே குடும்பம். தைத்ததெல்லாம் ஜீன்ஸ்தான். அந்தத் தூசி எங்கும் படிந்திருக்கும். சோற்றில் நீலம், காதுக்குள் நீலம், மூக்கைச் சிந்தினால் நீலம். மதினி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தைத்து முடித்த பேண்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவார். தாராவியில் அதற்குத் தாகா கட்டிங் என்று பெயர். கை நூலை வெட்டும், வாய் அண்ணனிடம் கத்தும். "என்னங்க! என்னங்க! உங்களத்தான்!" நாலு மெஷின் சத்தத்தில் அண்ணனுக்கு மூன்றாவது தடவைதான் கேட்கும். சில நாள் அதுவும் கேட்காது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ப்ளேன் குளிருக்கு இருக்கட்டும் என்று கைக்கு அகப்பட்ட கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மும்பை வெயிலை மறந்துபோயிருந்தேன். மஸ்கட் வெயில் அடுப்பு என்றால் மும்பை வெயில் இட்லிப் பானை. டாக்ஸி செம்பூர் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே ஒரு மேம்பாலத்தின் நடுவில் புகை விட்டபடி நின்றுவிட்டது. டிரைவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். இறங்கி பானெட்டைத் திறந்து, தண்ணீரை ஊற்றி, என்னைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு இந்தியில் சொன்னார். "ஐயா, வண்டிக்குக் கோபம் வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் விடுவோம்." எனக்கும்தான் கோபம் வந்திருந்தது, என்னை யார் விட்டார்கள்?

கவிதா வாழ்க்கைப்பட்டது செம்பூரில். போன் செய்ததும் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். பெட்டியை முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் ஏற்றி, எண்ணெய் லாரிகளுக்கு நடுவில் புகுந்து போனாள். ஐம்பத்திரண்டு வயதில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனவன் நான். சின்னப் பிள்ளையில் இவளை ஒர்க்‌ஷாப்பில் ஜீன்ஸ் குவியல்மேல் தூங்க வைப்போம். குவியல் குறையக் குறைய இவள் கீழே இறங்கிக்கொண்டே வருவாள்.

"அப்பா ஒர்க்‌ஷாப்பையே குடுத்துட்டாரு சித்தப்பா, தெரியுமா?" என்றாள் சிக்னலில்.

"என்னது?"

"மெஷின் எல்லாம் வித்தாச்சு. அம்மாக்கு இருமல் இருந்துச்சுல்ல, தூசி ஆகாதுன்னு. நானும் அச்சா ஹைன்னு விட்டுட்டேன். இப்ப மான்குர்த்ல பில்டிங்ல இருக்காங்க. ஊசி ஏன் போடலன்னு கேட்டா, 'எல்லாம் பந்த் பண்ணியாச்சு, இனிமே தேவையில்ல'ங்கறாரு. க்யா பந்த் கியா, பதாதே நஹி. எதை நிறுத்தினாருன்னு சொல்லவே மாட்டேங்கறாரு."

சுடலைமுத்து அண்ணன் மெஷினை விற்றாரா? என் கல்யாணத்துக்கே அரைநாள்தான் மெஷினை நிறுத்தினார்.

மான்குர்த்தில் ஆறாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கியபடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினால், திறந்தது அண்ணன், கையில் கரண்டி. நாற்பது வருஷத்தில் அவர் கையில் கரண்டியை நான் பார்த்ததில்லை.

"ஏல தொரை! வேனா வெயில்ல கோட்டு எதுக்குல? மாப்பிள்ளை அழைப்பா?"

கட்டிப்பிடித்த கையோடு கோட்டைத் தடவிப் பார்த்தார். தையல்காரன் கை சும்மா இருக்காது. பக்கவாட்டுப் பையில் விரலை விட்டார். விரல் நுழையவில்லை.

"பையப் பிரிக்கலியா நீ?"

"அது பையா? சும்மா அழகுக்கு வச்சதுன்னு நெனச்சேன்."

"அட கூறுகெட்டவனே! கடையில தொங்கும்போது பை பிதுங்கக் கூடாதுன்னு கச்சா டாங்கா போட்டிருக்கான். லேசா ஓட்டின தையலு. வாங்கின அன்னைக்கே பிரிச்சிடணும். எத்தனை நாளா போட்டிருக்க?"

"ரெண்டு வருஷமா."

அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மதினியும் சிரித்தார். "இதுல இவருக்கு வெளிநாட்டு உத்தியோகம் வேற!"

அந்தச் சிரிப்பு பழைய சிரிப்புதான். ஆள்தான் பாதியாகிவிட்டிருந்தார். கையில் அங்கங்கே நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டிய திட்டுகள். கீழிமை வெளுத்துக் கிடந்தது. கால் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் வைத்த புளிக்குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. மதினி அதை அமிர்தம்போல் சாப்பிட்டார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தாநாள் மார்க்கெட்டில் மீன்காரியோடு போட்ட சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "ஊசிய ஏண்ணே நிறுத்துனிய?"

அண்ணன் வெற்றி பெற்றவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோயோட வேரையே வெட்டிட்டேன்டே. அப்புறம் ஊசி எதுக்கு?"

"என்ன வேரு?"

"டாக்டர் சின்னப் பையன், இந்தியிலதான் சொன்னாரு. முதல்ல, என்ன வேலை செய்றீங்கன்னு கேட்டாரு. ஜீன்ஸ் தைக்கிறோம், இவளும் கூட மாட வேலை பாக்கான்னு சொன்னேன். தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு. அப்புறம் படம் எல்லாம் போட்டுக் காமிச்சு, ஜீன்ஸ் பந்த், ஜீன்ஸ் பந்த்னு நாலு தடவை சொன்னாரு. நான் மறுவாரமே பந்த் பண்ணிட்டேன். நாப்பது வருசத் தொழிலு. பொண்டாட்டிய விடவா தொழிலு பெருசு?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"சரி, ஊசி?"

"அதுலதான் எனக்குச் சந்தேகம். பந்த் ஆனதத் திறக்கத்தான் ஊசின்னாரு. பந்த் பண்ணுன்னும் சொல்லிட்டு, திறக்கணும்னும் சொன்னா என்ன அர்த்தம்? ஊசி போட்டதும் இவளுக்குக் காய்ச்சலு, அணு எல்லாம் இன்னும் இறங்கிட்டு. திறக்கிற சோலியே வேண்டாம்னு நிறுத்தினேன். இங்க வந்து இருமலு நின்னுட்டு, பாத்தியா?"

நீலத் தூசி இல்லாத வீட்டுக்கு வந்தால் இருமல் நிற்காமல் என்ன செய்யும்? அந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. மரபணுவுக்கு இந்தியிலும் ஜீன் என்றுதான் சொல்வார்கள். மதினியின் எலும்பு மஜ்ஜையில் சில ஜீன்கள் வாயடைத்துப் போயிருக்கின்றன, அவற்றைத் திறக்கும் மருந்து இது என்று அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 'ஜீன்ஸ் பந்த் ஹோ கயே ஹைன்', அதாவது ஜீன்கள் மூடிக்கொண்டுவிட்டன. வாழ்நாள் முழுக்க ஜீன்ஸ் தைத்த மனிதரின் காதில் அது வேறு எப்படி விழும்?

நிதானமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் முன்கோபம் ஆயிற்றே. "அது துணி ஜீன்ஸ் இல்லண்ணே! ரத்தத்துக்குள்ள இருக்கிற ஜீனு! கூமுட்டைத்தனமா ஊசிய நிறுத்தி மதினியக் கொல்லப் பாத்தியளே!" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். வெகுநேரம் கழுவினார். கட்டிலில் மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஏன்டா வாயைத் திறந்தோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் அண்ணன் இல்லை. "தாராவிக்குத்தான் போயிருப்பாவ," என்றார் மதினி, சுவரைப் பார்த்தபடியே. "போய்க் கூட்டிட்டு வாங்க தம்பி."

மான்குர்த்தில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, அடுத்த ஸ்டேஷன் சயானில் இறங்கினால் தாராவி. தூக்கத்தில்கூடப் போவேன் என்ற திமிரில் குர்லாவில் வந்து நின்ற முதல் வண்டியில் ஏறினேன். அது ஃபாஸ்ட். சயான் கண் முன்னால் ஓடி மறைந்தது. "இறங்கவா போறீங்க? இது தாதர்லதான் நிக்கும்," என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர். "ஊருக்குப் புதுசா?" என்றும் கேட்டார். அதுதான் சுருக்கென்றது. இந்தக் கதவிலேயே பத்து வருஷம் தொங்கியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

தாதரிலிருந்து ஸ்லோ வண்டியில் திரும்பும்போது அண்ணன் போன் வந்தது. குரலில் கோபமில்லை. "எங்கன இருக்க?"

"மாட்டுங்கா வருதுண்ணே."

"அங்கனயே இறங்கு. கிங்ஸ் சர்க்கிள்ல நம்ம ஓட்டல் வாசல்ல நில்லு. வருதேன்."

நம்ம ஓட்டல் என்றால் அது எங்களுடையது இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியபோது அண்ணன் என்னை அழைத்து வந்த ஓட்டல். அன்றைக்கு வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்டோம், இரண்டு பேர் தலைமுடியிலும் நீலத் தூசி. பட்டுப்புடவை மாமிகளும் ஆபீஸ் மாமாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அதை லட்சியமே பண்ணவில்லை. ரச இட்லி இரண்டு தட்டு வரவழைத்து, "லேப் படிப்புல சேந்துரு. மெஷின நான் பாத்துக்கிடுதேன்," என்றார். என் உத்தியோகம், வீடு, கோட்டு எல்லாம் அந்த மேஜையில் தொடங்கியதுதான். கிங்ஸ் சர்க்கிளில் இப்போதும் அதே மல்லிகைப்பூ வாசனை, அதே காப்பிப்பொடி வாசனை. நடைபாதையில் நின்று கொஞ்ச நேரம் மூக்கால் மட்டும் வாழ்ந்தேன்.

அண்ணன் வந்தார். அன்றைக்கு உட்கார்ந்த மேஜைக்குப் பக்கத்து மேஜை கிடைத்தது. ரச இட்லி சொன்னோம்.

"ஒர்க்‌ஷாப்பப் பாத்துட்டு வந்தேன்," என்றார். "பேக் தைக்கிறாங்க இப்ப. பீகார்ப் பையனுவ. என்னய யாருன்னு கேட்டானுவ." இட்லியைக் கிளறிக்கொண்டே இருந்தார். "நீ நேத்து சொன்னதச் சரியாச் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி. நான் பண்ணுனது தப்புன்னா எங்கன தப்புன்னு தெரியணும்லா?"

என் நாக்கில் மெத்தில், டிஎன்ஏ, என்சைம் என்று வரிசையாக வந்து நின்றன. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, கையில் மடித்து வைத்திருந்த கோட்டை மேஜைமேல் விரித்தேன். பையைப் பிரித்துத் தரச் சொல்லி அண்ணனைச் சமாதானம் பண்ணலாம் என்று இந்த வெயிலிலும் எடுத்து வந்திருந்தேன்.

"இந்தப் பை கிழிஞ்சிருக்காண்ணே?"

"இல்ல."

"துணியில குறையா?"

"இல்ல. கச்சா டாங்கா போட்டு மூடியிருக்கு."

"அவ்வளவுதான் மதினிக்கும். சிலருக்கு ஜீனே கிழிஞ்சுபோயிருக்கும், எழுத்தே தப்பாயிருக்கும். இதுல சில ஜீன் கிழியல. எழுத்து அப்படியே இருக்கு. வாயில மட்டும் கச்சா டாங்கா போட்ட மாதிரி சின்னதா ஒரு ரசாயனம் ஒட்டிக்கிட்டு மூடிட்டு. பிஞ்சு அணுவப் பாத்து 'நீ வளந்து பெரியாளாகு, பெருகுனது போதும்'னு சொல்ற ஜீன் அதுக்குள்ள இருக்கு. அது பேச முடியல. அதான் பிஞ்சு பிஞ்சாப் பெருகி, நல்ல அணுவுக்கு இடமில்லாமப் போச்சு."

அண்ணன் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப ஊசி, தையலப் பிரிக்கிற கத்திரியா?"

"அப்படி இருந்தா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிருமே. இது வேற. ஒரு அணு ரெண்டாகும்போது, பழைய பேண்டப் பாத்துப் புது பேண்டுக்கும் அதே இடத்துல டாங்கா போட உள்ள ஒரு ஆள் இருக்கான். ஊசி மருந்து அந்த ஆளப் பிடிச்சுக் கட்டிப்போடும். பழைய பேண்டுல டாங்கா இருக்கும். புதுசா வர்ற பேண்டுல குறையும். அடுத்த லாட் துணியில இன்னும் குறையும்."

"அப்படின்னா நாலஞ்சு லாட் ஆவுமே!"

"ஆமா. நாலு, அஞ்சு, ஆறு ரவுண்டு ஆகும். முதல் ரெண்டு ரவுண்டுல அணு இறங்கத்தான் செய்யும், காய்ச்சல் வரத்தான் செய்யும். நீங்க ரெண்டாவது லாட்லயே ஆள அவுத்து விட்டுட்டிய."

அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டு, நூல் வெட்டும் சின்னக் கட்டரை எடுத்தார். மெஷினை விற்றவர் அதை மட்டும் விற்கவில்லை. மேஜையில் வைத்தே டாங்காவின் முதல் கண்ணியை வெட்டி நூலை இழுத்தார். சர்ரென்று பிரிந்து வந்தது. பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பொத்தான். இந்தக் கோட்டின் நடுப் பொத்தான் விழுந்து ஒரு வருஷமாகிறது. அதே மாதிரிப் பொத்தானுக்காக மஸ்கட்டில் நான் ஏறி இறங்காத கடை இல்லை.

"உள்ளதான்ல இருந்திருக்கு," என்றார் அண்ணன். பொத்தானை எடுத்துத் துடைத்து மறுபடி என் கையில் வைத்தார். பிறகு, "எல்லாருக்கும் கேக்குமா இந்த ஊசி?" என்றார்.

"கேக்காதுண்ணே. சிலருக்குக் கேக்கும். நான் டாக்டர் இல்ல. ஆனா போடாம இருந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். தினம் பாக்குதேன்."

"சரி. அவ வருவா. நான் சொன்னா வருவா."

மதினி வரமாட்டேன் என்றார்.

நாலாம் நாள் காலை, அண்ணன் பால் வாங்கக் கீழே போயிருந்தார். வராந்தாவில் நாற்காலி போட்டு மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ரயில் பாதையும், தூரத்தில் உப்பளமும் தெரியும். நான் கோட்டுப் பையின் புராணத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"ஜீன்ஸு வேற, ஜீனு வேறன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் ரவுண்டுலயே ஊசி போட்ட கேரளத்து சிஸ்டர் சொல்லிட்டா. 'அம்மே, அது துணியல்ல, ரத்தத்துக்குள்ள உள்ளது'ன்னு சொல்லிச் சிரிச்சா."

"பின்ன அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார் மதினி. "அதுக்குள்ள மெஷின வித்துட்டாவ தம்பி. வித்துட்டு வந்த அன்னைக்கு எம் பக்கத்துல உக்காந்து, 'ஏளா செம்பகம், நீ சாப்டியா?'ன்னு கேட்டாவ. ரொம்ப மெதுவாக் கேட்டாவ. நாப்பது வருசமா நான் கத்திக் கத்திச் சொன்னதுல பாதி அவுக காதுல விழுந்ததே கிடையாது, உங்களுக்குத் தெரியாதா? இப்ப தலை வாரி விடுதாவ. குழம்பு வைக்காவ. மீன்காரி கதை சொல்லுதாவ. நான் உண்மையச் சொன்னா, 'அடப்பாவி, வீணா வித்துட்டனே'ன்னு மறுநாளே வேற மெஷின்ல போய் உக்காந்துருவாவ. அதான் வாயப் பொத்திக்கிட்டேன்."

"அதுக்காக உசுர விடுவியளா மதினி?"

"உசுரு எப்படியும் போறதுதான தம்பி. போற வரைக்கும் பேச்சாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவனுக்கு இது எந்தத் தகட்டிலும் தட்டுப்படவில்லை. முட்டாள் மாதிரி நானும் இரண்டு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

பின்னால் பால் பாக்கெட் சலசலத்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஆறு மாடி ஏறிய மூச்சு அடங்கியிருந்தது, அப்படியானால் கொஞ்ச நேரமாகத்தான் நின்றிருக்கிறார்.

"ஏளா," என்றார். குரல் உடைந்திருந்தது. "ஊசிய மட்டும் போட்டுக்க. மெஷின் பக்கம் நான் போகமாட்டேன். முருகன் மேல சத்தியம்."

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. "பூண்டு போதுமா பாருங்க," என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இல்லாத வேலையைச் செய்தேன்.

டாக்டர் திட்டிவிட்டுத்தான் மூன்றாவது ரவுண்டை எழுதிக் கொடுத்தார். ஏழு நாள், தினம் ஒரு ஊசி, பிறகு மூன்று வாரம் ஓய்வு. ஏழு நாளும் மூன்று பேரும் போனோம். காத்திருக்கும் ஹாலில் தமிழ், மராத்தி, போஜ்புரி என்று எல்லாப் பாஷையிலும் கவலை. முதல் இரண்டு நாள் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், நாசிக் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு இந்தியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. "பாய்சாப், துணியில் குறையில்லை. கச்சா டாங்கா, அவ்வளவுதான். ஆனால் நாலஞ்சு லாட் பொறுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் என்னை மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்." பெரியவர் பயபக்தியோடு தலையாட்டினார். அவர் சம்சாரத்துக்கு எந்த நோயோ, கடவுளுக்கே வெளிச்சம். உள்ளே அந்த கேரளத்து சிஸ்டர் மதினியைப் பார்த்து, "துணியக்கா வந்தாச்சு!" என்று வரவேற்றார்.

கடைசி நாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் என் கோட்டை வாங்கி, கையூசியால் பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். மெஷின் இல்லை, அதனால் சத்தியம் உடையவில்லை என்று விளக்கமும் சொன்னார்.

மஸ்கட்டுக்கு ஒவ்வொரு மாசமும் ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது ரவுண்டு முடிந்தபின் அணுக்கள் இன்னும் இறங்கின. காய்ச்சல் வந்து மதினி ஐந்து நாள் படுக்கையில் கிடந்தார். அண்ணன் போனில், "லாட் ஓடிட்டு இருக்குல, பதறாத," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நாலாவதில் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஐந்தாவதில் பிஞ்சு அணுக்கள் குறைந்திருந்தன. மூன்று தடவை படித்தேன், அதுவும் பெயரைத்தான் முதலில் படித்தேன். இது குணம் என்று நானும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஊசி தொடர்கிறது, இனியும் தொடர வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே பின்னால் அந்தச் சத்தம். தடதடவென்று, எனக்குப் பதினாறு வயதிலிருந்து பழகிய தையல் மெஷின் சத்தம். சுர்ரென்று ஏறியது எனக்கு.

"அண்ணே! முருகன் மேல சத்தியம் பண்ணுனியளே!"

"ஏல, நான் எங்கல தைக்கேன்? தாகா வெட்டிட்டு இருக்கேன்."

"அப்ப மெஷின்ல யாரு?"

சத்தம் நின்றது. போன் கை மாறியது. மூச்சு லேசாக வாங்கியது, ஆனால் குரலில் தெம்பு இருந்தது.

"நான்தான் தம்பி. பக்கத்து வீட்டுல சும்மா கிடந்த மெஷினு. படுத்தே கிடந்தா ஒடம்பு துருப்பிடிச்சிராதா? அவுகதான சத்தியம் பண்ணுனாவ. நான் பண்ணலியே."

"என்ன தைக்கிய?"

"வேற என்ன? பேரப்பிள்ளைக்கு ஜீன்ஸுதான்."

போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கட் பண்ணவில்லை. அண்ணன் பின்னாலிருந்து, "ஏளா! ஏளா செம்பகம்! உன்னத்தான்!" என்று மூன்று தடவை கத்தினார். மதினிக்குக் கேட்கவில்லை.